தேசிய புலனாய்வுப் பிரதானியின் வேலை என்ன?

முள்ளியவளையில் உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் தேசியப் புலனாய்வுப் பணிப்பாளரும் இலங்கையின் தேசிய புலனாய்வுப் பிரதானியும் அந்தந்த நாட்டு உளவாளிகளுக்கெல்லாம் தலைவர்களா? அப்படியானால், 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்காமல் விட்டதற்கு முதற் பொறுப்பாளி அந்தப் பிரதானிதானா? எங்கள் ஊர்க் கூட்டங்களுக்கு வந்து பெயர் கேட்டுப் போகிறவர்களை அனுப்புவதும் அவர்தானா? முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு சொல்லில் ‘இல்லை’ என்று விடை சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு உயர் நீதிமன்றமே ரூபாய்க் கணக்கில் ஒரு விடை எழுதியிருக்கிறது. ஆனால் ஏன் ‘இல்லை’ என்பதுதான் பரீட்சைக்கும் அதற்கு அப்பாலும் பயன்படும் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

குழப்பம் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. நடந்து முடிந்த குற்றத்தை யார் செய்தார் என்று சாட்சியும் தடயமும் தேடி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது ஒரு வேலை. இனி என்ன நடக்கக்கூடும் என்பதை முன்கூட்டி அறிந்து ஆட்சியில் இருப்பவருக்குச் சொல்வது முற்றிலும் வேறொரு வேலை. இலங்கைத் தமிழில் இந்த இரண்டுக்கும் ‘புலனாய்வு’ என்ற ஒரே சொல்லைச் சூட்டிவிட்டோம். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் (சீ.ஐ.டி.) செய்வது முதலாவது வேலை. அரச புலனாய்வுச் சேவை செய்வது இரண்டாவது. தமிழ்நாட்டில் இரண்டாவதை உளவுத்துறை என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் இருப்பதால் அங்கே இந்தத் தடுமாற்றம் குறைவு. வன்னியிலோ சிவில் உடையில் மோட்டார் சைக்கிளில் வந்து விசாரிக்கும் எவரும் ‘சீ.ஐ.டி.’ தான். உண்மையில், கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்பவர் பெரும்பாலும் அந்தத் திணைக்களத்தைச் சேர்ந்தவராக இருக்கமாட்டார். கைது செய்வதும் வாக்குமூலம் எடுப்பதும் பொலிஸின் வேலை. அறிந்து அறிக்கை எழுதுவதோடு அரச புலனாய்வுச் சேவையின் வேலை முடிந்துவிடுகிறது. அதன் அறிக்கையை வைத்து இன்னொருவர் எதையாவது செய்தால்தான் உண்டு. இந்த வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டால் 2019 இல் நடந்தது பாதி விளங்கிவிடும்.

இலங்கையில் தகவல் திரட்டும் அமைப்புகள் பல. பொலிஸின் உள்ளேயிருந்து வளர்ந்து 1984 இல் தேசிய புலனாய்வுப் பணியகமாகத் தனித்து நின்றதுதான் இன்றைய அரச புலனாய்வுச் சேவை. அதற்குப் பக்கத்தில் இராணுவத்துக்கு ஒரு புலனாய்வுப் பணிப்பகம், கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனிப் பிரிவுகள், விசேட அதிரடிப்படைக்கு ஒன்று, பொலிஸுக்குள் பயங்கரவாத விசாரணைக்கென்று இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி ஆளணி, தனித் தகவலாளர்கள், தனிக் கோப்புகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே, பாதுகாப்பு அமைச்சில், இவை தருவனவற்றை ஒருங்கிணைப்பதற்காக அமர்த்தப்பட்டவர்தான் தேசிய புலனாய்வுப் பிரதானி. ‘பிரதானி’ என்ற பெயரைக் கேட்டவுடன் படைத்தளபதி ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஆனால் அந்தப் படத்தில் படையே இல்லை. இராணுவப் புலனாய்வாளர் தம் தளபதிக்குப் பதில் சொல்பவர். பொலிஸ் உத்தியோகத்தர் பொலிஸ் மா அதிபருக்குப் பதில் சொல்பவர். பிரதானி இவர்களிடம் கேட்கலாம், கூட்டத்துக்கு அழைக்கலாம், எழுதலாம். இவர்களுடைய இடமாற்றமும் பதவி உயர்வும் அவர் கையில் இல்லை. அரச உத்தியோகம் பார்த்த எவருக்கும் இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

பின் எதற்கு அந்தப் பதவி என்று கேட்டால், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை வைத்துச் சொல்கிறேன். வவுனியாப் பக்கத்தில் பெய்யும் மழையைக் கனகராயன் ஆறு கொண்டுவந்து குளத்தில் சேர்க்கிறது. மேலே மழையை அளந்து எழுதுபவர் ஒருவர். குளத்தில் நீர்மட்டம் பார்ப்பவர் ஒருவர். வான்கதவைத் திறக்கும் அதிகாரம் உள்ளவர் ஒருவர். கீழே கண்டாவளைப் பக்கத்துச் சனங்களை ஒலிபெருக்கியில் எழுப்பி மேட்டுக்கு அனுப்ப வேண்டியவர் இன்னொருவர். நால்வரும் தத்தம் வேலையைப் பிழையில்லாமல் செய்தாலும், மேலே பெய்த மழை எத்தனை மணிக்குக் கீழே வந்து சேரும் என்பதை நான்கு எண்களையும் ஒரே தாளில் வைத்துக் கணக்குப் பார்த்து, உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால், நடுச்சாமத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு மணித்தியாலக் கணக்கின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. புலனாய்வுப் பிரதானி அந்தத் தாளை வைத்திருக்கும் மனிதர். மழையை அளப்பதும் அவரல்ல, கதவைத் திறப்பதும் அவரல்ல. உவமை ஓரிடத்தில் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: மழை அளப்பவர் தம் எண்ணை நீர்மட்டம் பார்ப்பவரிடமிருந்து ஒளித்து வைப்பதில்லை, புலனாய்வு அமைப்புகள் ஒளித்து வைக்கும். தகவலாளரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நியாயமான காரணமும் அதற்கு உண்டு, பெயர் வாங்க வேண்டும் என்ற மற்றக் காரணமும் உண்டு.

சேர்த்து வைப்பது என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது அல்ல. சில வருடங்களுக்கு முன் எங்கள் கிராமத்து வாசிகசாலையைத் திருத்தித் திறப்பதற்காக ஒரு கூட்டம் வைத்தோம். இருபது பேர் வரை வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் ஒருவர் செயலாளரின் படலையடியில் நின்று, யார் வந்தது, என்ன பேசியது என்று கேட்டு ஒரு சிறிய கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள் இன்னொருவர் தொலைபேசியில் அதே கேள்விகளைக் கேட்டார். செயலாளர் அதே விடைகளைச் சொன்னார். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் கதிரை வாங்கக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்பதும் அதில் அடக்கம். மூன்றாம் நாள் சந்தித் தேநீர்க்கடையில் மூன்றாமவர் ஒருவர், “வாசிகசாலைக்கு வெளிநாட்டுக் காசு வருகுதாமே” என்று கதையைத் தொடங்கினார். கடைக்காரருக்கு அந்தக் கதை செயலாளரின் வாயிலிருந்து முதல் நாள் மாலையே வந்து சேர்ந்திருந்தது. மூவரும் எந்தெந்தப் பிரிவு என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் மூன்று அறிக்கைகள் மூன்று வழியாகக் கொழும்புக்குப் போயிருந்தால், அங்கே மேசையில் இருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? வெவ்வேறு மூன்று பிரிவுகள் தனித்தனியே உறுதி செய்த தகவல் என்றல்லவா தெரியும்? மூன்றும் ஒரே செயலாளரின் ஒரே கதை என்பது, மூன்று அறிக்கைகளின் ஊற்றையும் தேடிப் போகிறவருக்கு மாத்திரமே தெரியவரும். மூன்றாமவர் புறப்படும்போது, “எனக்கு முதல் வேறை ஆரும் வந்து கேட்டவையோ?” என்று கேட்டதாகக் கடைக்காரர் சொன்னார். அந்த மூவரில் வேலை தெரிந்தவர் அவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

இது வன்னிக்கு மட்டுமுரிய கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். ஈராக்கிடம் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் இருப்பதாக 2003 பெப்ரவரி 5 ஆம் திகதி அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் சொன்னார். அந்தக் கூற்றின் அடிவேர், ஜேர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ஓர் ஈராக்கியர். ‘கேர்வ்போல்’ என்பது அவருக்கு இடப்பட்ட மறைபெயர். அவரை நேரே விசாரித்தவர்கள் ஜேர்மன் உளவுத்துறையினர்; அமெரிக்காவுக்குப் போனது அவர்களுடைய எழுத்துமூல அறிக்கைகள். அவர் சொன்னது பொய் என்பது ஈராக் போருக்குப் பின்னர் வெளிவந்தது. செய்தியின் எடையை அது எத்தனை தாளில் வந்தது என்பதைக் கொண்டு நிறுக்கக்கூடாது, எத்தனை ஊற்றிலிருந்து வந்தது என்பதைக் கொண்டே நிறுக்க வேண்டும் என்பது புலனாய்வில் அரிச்சுவடி. வல்லரசின் மேசையிலேயே அது மறந்துபோயிருக்கிறது.

அமெரிக்கப் பதவி பிறந்த கதை இதற்கு எதிர்த்திசையானது. அங்கே தகவல் இருந்தும் கைமாறவில்லை. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலில் விமானம் கடத்தியவர்களில் இருவர், 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் நடந்த அல்கைதாக் கூட்டத்தில் இருந்ததை அமெரிக்காவின் வெளிநாட்டு உளவு அமைப்பான சி.ஐ.ஏ. கண்காணித்திருந்தது. அவர்களில் ஒருவரிடம் அமெரிக்க விசா இருந்ததும் அதற்குத் தெரியும். ஆனால் அவர்களுடைய பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது 2001 ஓகஸ்டில்தான். உள்நாட்டில் அவர்களைத் தேட வேண்டிய எஃப்.பி.ஐ.க்கு அதற்குள் காலம் போய்விட்டது. அதுவரை சி.ஐ.ஏ.யின் பணிப்பாளரே மற்ற அமைப்புகளையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பைச் சேர்த்து வைத்திருந்தார். தன் வீட்டையும் ஆண்டுகொண்டு ஊருக்கும் நடுநிலை மத்தியஸ்தராக இருப்பது இயலாது என்று உணர்ந்து, 2004 டிசெம்பரில் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் இரண்டு பொறுப்புகளையும் பிரித்தார்கள். 2005 ஏப்ரலில் ஜோன் நெக்ரோபொன்டே முதலாவது தேசியப் புலனாய்வுப் பணிப்பாளராகப் பதவியேற்றார். இன்று அந்த அலுவலகத்தையும் சேர்த்து 18 அமைப்புகள் அந்தக் குடையின் கீழ் இருக்கின்றன. ஜனாதிபதிக்கு ஒவ்வொரு நாளும் போகும் புலனாய்வுச் சுருக்கத்துக்குப் பொறுப்பு, தேசியப் புலனாய்வு நிதியை வகுப்பதில் சட்டம் கொடுத்த அதிகாரம், செனற் சபையின் அங்கீகாரத்தோடு வரும் நியமனம் ஆகிய மூன்றும் அவருக்கு உண்டு. உளவாளிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர் அல்ல, சி.ஐ.ஏ.

இத்தனை இருந்தும் கயிறிழுப்பு ஓயவில்லை. மூன்றாவது பணிப்பாளரான டெனிஸ் பிளெயர், வெளிநாடுகளில் அமெரிக்கப் புலனாய்வின் தலைமைப் பிரதிநிதியைத் தாமே தெரிவு செய்யலாம் என்று 2009 இல் உரிமை கோரியபோது, சி.ஐ.ஏ. பணிப்பாளர் லியோன் பனெற்றா மறுத்தார். வெள்ளை மாளிகை சி.ஐ.ஏ.யின் பக்கம் நின்றது. அதே ஆண்டு நத்தார் நாளில் டெட்ரொய்ட் நோக்கிப் பறந்த விமானத்தில் நைஜீரிய இளைஞர் ஒருவர் உடையில் மறைத்த குண்டை வெடிக்க முயன்றார். மகனைப் பற்றிய அச்சத்தை அவருடைய தந்தை முந்தைய மாதமே அமெரிக்கத் தூதரகத்தில் போய்ச் சொல்லியிருந்தார்; அதை மற்றத் தகவல்களோடு எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. குண்டு சரியாக வெடிக்காததால்தான் விமானம் தப்பியது. 2010 மே மாதத்தில் பிளெயர் பதவி விலகினார். சட்டத்தால் பதவியை உண்டாக்கலாம். மற்றவர்கள் அந்தப் பதவிக்குப் பணிவதைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்க முடிவதில்லை.

இந்தியாவைப் பற்றி ஓரிரு வரி போதும். அங்கே உள்நாட்டுக்குப் புலனாய்வுப் பணியகம், வெளிநாட்டுக்கு ‘ரோ’ என்று இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. 1998 இல் உருவான தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி பிரதமருக்கு அருகில் இருந்து இவற்றை இணைக்கிறது. அந்தப் பதவியின் பலம் பிரதமரோடு உள்ள நெருக்கத்தில் தங்கியிருக்கிறது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 2019 ஏப்ரலில் தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்தவர் ஓய்வுபெற்ற பிரதிப் பொலிஸ் மா அதிபர் சிசிர மென்டிஸ். ஏப்ரல் 4 ஆம் திகதி, இஸ்லாமியத் தீவிரவாதியான சஹ்ரான் ஹாசிமின் குழுவினர் தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடுகிறார்கள், கத்தோலிக்க தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயமும் இலக்காகலாம் என்ற எச்சரிக்கை அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்கு இந்தியாவிலிருந்து கிடைத்தது. 7 ஆம் திகதி அவர் பிரதானிக்கு எழுதினார். 9 ஆம் திகதி பிரதானி பொலிஸ் மா அதிபருக்கு எழுதினார். 11 ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கடிதம், பிரமுகர் பாதுகாப்போடு தொடர்புடைய பிரிவுகளுக்குப் போனது. தேவாலயங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 21 ஆம் திகதி காலையில் கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்தத் திகதிகளைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். கடிதம் எங்கும் தொலையவில்லை. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மூன்று நாள் தங்கி, முறைப்படி அடுத்த மேசைக்குப் போயிருக்கிறது. அனுப்பியவர் ஒவ்வொருவரிடமும் அனுப்பியதற்குச் சான்று இருக்கிறது. ‘என் கையை விட்டுப் போய்விட்டது’ என்பதே அலுவலகத்தில் வேலை முடிந்ததன் அடையாளம் என்றால், எல்லோரும் வேலையை முடித்திருந்தார்கள். ஆனால் பிரதானி என்ற பதவியை ஒரு நாடு வைத்திருப்பது, கடிதத்தை அடுத்த உறையில் இட்டு அனுப்புவதற்காக அல்ல. இது உண்மையா, எவ்வளவு அவசரம், இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை வேறென்ன என்று கேட்பதற்காக.

சேர்த்துப் பார்க்க வேண்டியவை இருந்தன. 2018 டிசெம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் புத்தளம் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் பெருந்தொகை வெடிபொருள் அகப்பட்டது. ஏப்ரல் 16 ஆம் திகதி காத்தான்குடிக்கு அருகே ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியது. இவற்றுக்கெல்லாம் முன்னர், 2018 நவம்பர் 30 ஆம் திகதி, மட்டக்களப்பு வவுணதீவில் சோதனைச் சாவடியில் கடமையிலிருந்த இரண்டு பொலிஸ் உத்தியோகத்தர்கள் கொல்லப்பட்டார்கள். மாவீரர் நாள் கழிந்து மூன்றாம் நாள் அது. உடனே விரல் நீண்டது முன்னாள் போராளிகளை நோக்கித்தான். முன்னாள் போராளி ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார். கொன்றவர்கள் சஹ்ரானின் ஆட்கள் என்பது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகே வெளியில் வந்தது. அதன் பின்னரே அவர் விடுதலையானார்.

வன்னியில் இருந்து இந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். புலனாய்வில் நேரும் தவறுகளில் மிகப் பெரியது தகவல் குறைவதல்ல, விடையை முதலே வைத்துக்கொண்டு கேள்வியைத் தொடங்குவது. முப்பது வருடம் ஒரே எதிரியைத் தேடிப் பழகிய கண் வேறொன்றைக் காணாது. வவுணதீவில் தவறான ஆளைப் பிடித்ததால் ஒரு குடும்பம் பட்ட துன்பம் ஒரு பக்கம். சரியான ஆட்கள் ஐந்து மாதம் கேள்வியில்லாமல் நடமாடியது மறுபக்கம். இரண்டும் ஒரே தவறின் விளைவுகள். அமைப்புகளுக்கு வெளியே, மேலே இருக்கும் ஒருவரால்தான் ‘இது முன்னாள் போராளிகளின் வேலைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்க முடியும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே அவருக்குச் சம்பளம்.

சிசிர மென்டிஸ் அந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தாலும் அவருடைய குரல் எவ்வளவு தூரம் எட்டியிருக்கும் என்பது நியாயமான ஐயம். அன்று அந்தப் பதவிக்கென்று பாராளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்கு ஜனாதிபதியோடும் பாதுகாப்புச் செயலாளரோடும் நேரடித் தொடர்பு இருந்தது. பிரதானியைத் தாண்டிப் போக அவருக்குப் பாதை திறந்தே கிடந்தது. ஜனாதிபதி பிரதமரைப் பதவி நீக்கியதால் எழுந்த 2018 ஒக்ரோபர் அரசியல் நெருக்கடிக்குப் பின்னர் பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் தேசிய பாதுகாப்புச் சபைக்கு அழைக்கப்படாமலே விடப்பட்டார்கள் என்று தாக்குதலை விசாரித்த பாராளுமன்றத் தெரிவுக்குழு பின்னர் கண்டறிந்தது. தாளில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினாலும், அதை வாசிக்க வேண்டியவர்கள் ஒரே அறையில் இருக்கவில்லை.

ஆயினும், அதிகாரம் இல்லை என்பது முழு விடுதலையாகாது. 2023 ஜனவரி 12 ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வு, ஐவர் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியதாகத் தீர்ப்பளித்து, தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு செலுத்தச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி ரூபாய். பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவுக்கும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளராக இருந்த நிலந்த ஜயவர்தனவுக்கும் தலா ஏழரைக் கோடி. பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோவுக்கு 5 கோடி. சிசிர மென்டிஸுக்கு 1 கோடி. மொத்தம் 31 கோடியில் பிரதானியின் பங்கு ஒன்று. தம்பியின் இரண்டாவது கேள்விக்கு நான் காணும் விடை இந்த எண்களில்தான் இருக்கிறது. பெயரில் மட்டும் பிரதானியாக இருந்தவரின் பொறுப்பு, ஆளும் பணமும் கட்டளையும் கையில் இருந்தவர்களின் பொறுப்பைவிட மிகச் சிறியது. ஆனால் சுழியம் அல்ல. கடிதத்தை அனுப்பினேன் என்பது போதிய மறுமொழியாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. பரீட்சையில் ‘பொறுப்புக்கூறல்’ பற்றிய வினா வந்தால் இந்தத் தீர்ப்பை உதாரணமாக எழுதலாம்.

மூன்றாவது கேள்வி எஞ்சியிருக்கிறது. உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வந்து போகிறவர் தம் பிரிவின் பிரதேசப் பொறுப்பாளருக்கு எழுதுகிறார். அது மாவட்டத்துக்குப் போய், வேறு நூறோடு சேர்ந்து சுருங்கி, தலைமையகத்துக்குப் போகும். ‘வடக்கில் அமைதி நிலவுகிறது’ என்றோ, ‘சில இடங்களில் ஒன்றுகூடல்கள் நடந்தன’ என்றோ ஒரு வரியாகத்தான் அது பிரதானியின் மேசையை அடையும், அடைந்தால். உங்கள் பெயர் அங்கே போகும் வாய்ப்பு மிகக் குறைவு. கீழேயுள்ள கோப்பில் தங்கிவிடும் வாய்ப்புத்தான் அதிகம். அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டாலும், தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க அதே சட்டத்தின் 5 ஆம் பிரிவு இடம் தருகிறது. எங்கள் வாசிகசாலைக்கு அந்தக் கதிரைகள் வந்துவிட்டன. வெளிநாட்டுக் காசு என்று எழுதப்பட்ட வரியை எவராவது பின்னர் திருத்தினார்களா என்பதை அறியும் வழிதான் எங்களுக்கு இல்லை.